ஆம்ப்ளி பவர் சப்ளை: டையோடு ஏன் போகிறது, ஹம் எங்கிருந்து வருகிறது

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றல்தான். கூழ்ப் பானையோடு கூடவே ஸ்பீக்கர் பாக்ஸும் வெளியே வரும். பதினோரு மாதம் பரணில் தூங்கிய ஆம்ப்ளிகளை ஒரே வாரத்தில் எழுப்புவார்கள். பாதி எழும், பாதி எழாது. எழாதவை என் மொட்டை மாடி ஷெட்டுக்கு வந்து சேரும்.

போன ஆடியில் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி, அரிசிப் பையில் சுற்றி ஒரு செட்டைத் தூக்கி வந்தான். அவனே அசெம்பிள் செய்தது. 24-0-24 (நடு ஒயருக்கு இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி), 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், இரண்டு சேனல் போர்டு.

"டையோடு மூணு வாட்டி மாத்திட்டேண்ணா. மூணு வாட்டியும் பொட்டுனு போச்சு. பெருசா ஒரு பிரிட்ஜ் போட்டுக் குடுண்ணா, போதும்."

"எப்போ போச்சு? பாட்டு ஓடும்போதா, சுவிட்ச் போட்டதுமா?"

"சுவிட்ச் போட்டதும்தான். பாட்டே கேக்கலண்ணா."

மூடியைக் கழற்றும் முன்பே பாதி விடை அந்தப் பதிலில் கிடைத்துவிட்டது. எப்போது போனது, எந்த மாதிரி சத்தம் வந்தது, எது சுட்டது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் மீட்டரைக் கையில் எடுப்பேன். இங்கேயும் அந்த வரிசையில்தான் போகிறேன். உங்கள் செட்டு எந்த மாதிரி படுத்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் நான்கு பத்தியை மட்டும் தாண்டாதீர்கள். மீதி எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

டையோடு வழியாகப் போவது என்ன

டையோடு என்பது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு; நான்கைச் சேர்த்தால் ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ். ஆம்ப்ளிக்கு 3 ஆம்பியர் வேண்டும், 3 ஆம்பியர் டையோடு போட்டால் சரி என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறோம். டையோடுக்குப் பின்னால் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கண்டென்சர் இருப்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. கண்டென்சர் நிறைந்திருக்கும் நேரத்தில் டையோடு அடைத்தே கிடக்கும். ஏசி அலை உச்சிக்கு ஏறி, கண்டென்சரில் இருக்கும் வோல்டேஜைத் தாண்டும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கதவு திறக்கும்.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். முழு அலை பிரிட்ஜில் விநாடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை, கதவு திறக்கிறது. திறந்திருப்பதோ 2, 3 மில்லி விநாடி. 10 மில்லி விநாடிக்கான சரக்கு முழுவதும் அந்தச் சந்தில் உள்ளே போயாக வேண்டும். தெருக் குழாயில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வரும் என்றால் ஒரு நாளைக்கான குடங்களை எப்படி அடித்துப் பிடித்து நிரப்புவோமோ அப்படி. சராசரி 3 ஆம்பியர் என்றால் அந்தத் துடிப்பின் உச்சி சுலபமாக 15, 20 ஆம்பியரைத் தொடும்.

முதல் துடிப்பு இன்னும் மோசம். சுவிட்ச் போடும் அந்தக் கணத்தில் கண்டென்சர் காலி. காலிக் கண்டென்சர் என்பது ஷார்ட் செய்த ஒயர் மாதிரி. டிரான்ஸ்பார்மர் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அது அரை ஓம் என்றால், 24 வோல்ட் ஏசியின் 34 வோல்ட் உச்சிக்கு 68 ஆம்பியர். வளையம் மாதிரி இருக்கும் டொராய்டு டிரான்ஸ்பார்மரில் ரெசிஸ்டன்ஸ் இன்னும் குறைவு; ஆம்பியர் இன்னும் ஏறும்.

டையோடின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் சராசரிக்கானது. முதல் அடியை எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தனி எண் உண்டு: சர்ஜ் கரண்ட். 1என் 4007க்கு அது 30 ஆம்பியர். 1என் 5408க்கு 200. 6ஏ10 என்ற உருண்டை டையோடுக்கு 400. இப்போது காசிமேட்டுத் தம்பியின் செட்டைத் திறக்கலாம். உள்ளே நான்கு 1என் 4007. ஒன்று நடுவில் வெடித்து, கறுப்பு உடம்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. கண்டென்சர் ஒரு பக்கத்துக்கு 20,000 மைக்ரோஃபாரட். பேஸ் அதிகம் வேண்டுமென்று அவனே கூட்டியது. ஏன் 4007 போட்டாய் என்றால், "ஆயிரம் வோல்ட் தாங்கும்னு கடைல சொன்னாங்கண்ணா" என்றான். தாங்கும்தான். ஆனால் அவன் செட்டைக் கொன்றது வோல்ட் இல்லை, ஆம்பியர்.

தொடங்கும் முன்

ஒரு குண்டு பல்பு வேண்டும். 60 வாட் அல்லது 100 வாட், இழை எரியும் பழைய மாடல். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. அதை மெயின் லைனில் சீரிஸாக ஒரு பிளக் பாயிண்டோடு பலகையில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டை அதில் செருகிப் போட்டால், பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்க வேண்டும். மங்காமல் முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பு கரண்டைத் தடுத்துப் பிடித்துக்கொள்வதால் டையோடும் போகாது, ஃபியூஸும் போகாது. இந்தப் பலகை எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த டிரான்சிஸ்டர்களை எண்ணி மாளாது.

கண்டென்சரைக் காலி செய்ய ஸ்க்ரூடிரைவரை வைத்து 'டப்' அடிப்பதை விட்டுவிடுங்கள். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களில் ஒயர் பற்றவைத்து, அதை வைத்துத் தொடுங்கள். பெட்டி இரும்பு என்றால் எர்த் ஒயர் பெட்டியில் நட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இரண்டு பின் பிளக்கோடு வரும் செட்டை நான் தொடுவதே இல்லை.

சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் அல்லது டையோடு போகிறது

பலகையில் போடுங்கள். பல்பு முழுசாக எரிகிறதா? அப்படியானால் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் ஆம்ப்ளி போர்டுக்குப் போகும் பிளஸ், மைனஸ் ஒயர். பல்பு மங்கிவிட்டதா? குற்றவாளி போர்டு, பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர். இன்னும் எரிகிறதா? அடுத்து கண்டென்சர். இரண்டில் ஒன்று தலைகீழாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைனஸ் பக்கக் கண்டென்சரின் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்கு வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பாதிப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். கண்டென்சரையும் கழற்றிய பிறகும் எரிந்தால் பிரிட்ஜ். பிரிட்ஜையும் கழற்றிய பிறகும் எரிந்தால் டிரான்ஸ்பார்மர். சுற்றித் தரும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பிரிட்ஜைத் தனியாகச் சோதிக்க மீட்டரை டையோடு குறியில் வையுங்கள். சிவப்பு முனை பிரிட்ஜின் மைனஸ் காலில், கறுப்பு முனை ஏசி காலில்: 0.5 சுற்றி வர வேண்டும். இரண்டு ஏசி காலுக்கும் வர வேண்டும். அடுத்து கறுப்பை பிளஸ் காலில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு ஏசி காலிலும் வையுங்கள், அதே 0.5. முனைகளை மாற்றிப் பிடித்தால் எதிலும் ஒன்றும் காட்டக் கூடாது. எங்காவது பீப் அடித்தால் அந்தப் பிரிட்ஜைத் தூக்கிப் போடுங்கள். நான்கில் ஒன்று போய்விட்டது, மீதி மூன்றை வைத்து ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். அதே அடியை அவையும் வாங்கியிருக்கின்றன.

உலோக உடம்புள்ள சதுர பிரிட்ஜில் நான்கு காலில் ஒன்று மட்டும் மற்றதுக்குக் குறுக்கே திரும்பி நிற்கும். அதுதான் பிளஸ். அதற்கு மூலைக்கு மூலை எதிரே இருப்பது மைனஸ். மிச்ச இரண்டும் ஏசி.

பலகையில் பல்பு ஒழுங்காக மங்குகிறது, நேராகப் போட்டால் மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் ஷார்ட் எதுவும் இல்லை; அது முதல் துடிப்பின் வேலை. ஃபியூஸ் வகையைப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் வேகமாகப் போவது ஒன்று, மெதுவாகப் போவது ஒன்று. டிரான்ஸ்பார்மரின் மெயின் பக்கத்துக்கு ஸ்லோ ப்ளோ என்று கேட்டு வாங்க வேண்டும். 24-0-24, 5 ஆம்பியர் என்றால் 240 வாட் சொச்சம். மெயினில் 1 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். அதற்கு 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ போதும். பெரிய டொராய்டு என்றால் மெயின் லைனில் ஒரு என்டிசி தெர்மிஸ்டரும் சேருங்கள். 10டி-20 என்றால் குளிர்ந்திருக்கும்போது 10 ஓம், விட்டம் 20 மில்லிமீட்டர். முதல் அடியை அது வாங்கிக்கொண்டு, சூடேறியதும் ஓம் இறங்கி வழிவிடும். சூடாகத்தான் இருக்கும், ஒயர் மேல் சாயாமல் தள்ளி நிறுத்துங்கள். ஒரு குறை உண்டு. செட்டை அணைத்த உடனே மறுபடி போட்டால் தெர்மிஸ்டர் இன்னும் சூடாகவே இருக்கும், தடுக்காது.

அந்தத் தம்பியின் ஃபியூஸ் ஹோல்டரில் ஃபியூஸ் இல்லை. ஒயரிலிருந்து உருவிய தாமிர இழை மூன்றை முறுக்கி வைத்திருந்தான். டிரான்ஸ்பார்மர் பிழைத்தது அவன் அம்மாவின் வேண்டுதல்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் போகிறது

சூடுதான். ஒரு டையோடில் ஏறக்குறைய 1 வோல்ட் விழுகிறது. பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 3 ஆம்பியர் இழுத்தால் பிரிட்ஜ் முழுவதுமாக 6 வாட் சூடு. பாட்டின் சராசரி அதில் பாதிகூட வராது என்பது உண்மை. ஆனால் தெரு விசேஷத்தில் ஆறு மணி நேரம் குத்துப்பாட்டு ஓடும்போது அந்தச் சராசரியும் ஏறிவிடும். 6 வாட் என்பது விரல் நுனி அளவுப் பொருளுக்குப் பெரிய சூடு.

உலோக பிரிட்ஜின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. அலுமினியத் தட்டிலோ பெட்டியின் அடித்தகட்டிலோ ஹீட்சிங்க் பேஸ்ட் தடவி, நட்டு போட்டு இறுக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் 35 ஆம்பியர் பிரிட்ஜ் 35 ஆம்பியர் தாங்காது. பெயிண்ட் அடித்த பரப்பு என்றால் அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். உடம்புக்கும் கால்களுக்கும் உள்ளே தொடர்பு கிடையாது, பயப்படாமல் பெட்டியில் இறுக்கலாம். இருந்தாலும் மீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

தனித்தனி டையோடு என்றால் சூடு வெளியேறுவது கால் கம்பி வழியாகத்தான். காலை ஒட்ட வெட்டி, உடம்பு போர்டில் படியும்படி பற்றவைத்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும், போர்டு கருகும். கொஞ்சம் தூக்கி வையுங்கள். பற்றவைக்கும் இடத்தில் செம்புப் பரப்பு அகலமாக இருக்கட்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு கோளாறு இதில் உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று எதையும் விடாது. சதுர பிரிட்ஜின் தட்டைக் கால்களில் ஒயர் முனைக்கு லக் என்ற கிளிப் போட்டுச் செருகுவோம் இல்லையா, ஒரு மழைக்காலம் போனால் அந்த லக்குக்குள் பச்சையாகப் பூத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உருவிப் பார்த்தால் காலில் கறுப்பு வளையம், லக்கின் பிளாஸ்டிக் உறை தேன் நிறத்துக்கு மாறி, தொட்டால் உதிரும். பிரிட்ஜ் சுடுகிறது என்று கொண்டு வந்த இரண்டு செட்டில் பிரிட்ஜ் நலமாகவே இருந்தது, சுட்டது லக்தான். 15 ஆம்பியர் துடிப்பு துருப்பிடித்த இணைப்பில் விநாடிக்கு நூறு முறை மோதினால் வேறென்ன ஆகும்? கடலோரத்தில் இருப்பவர்கள் லக்கை நம்பாமல் ஒயரைக் காலில் சுற்றி, தாராளமாக ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

நள்ளிரவில் போகிறது, யாருமே தொடாதபோது போகிறது

டையோடு அடைத்திருக்கும் நேரத்தில் அதன் முதுகில் ஏறும் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். கடையில் பிஐவி என்பார்கள். 24-0-24 என்றால் 24 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே 48 வோல்ட் ஏசி. அதன் உச்சி 68. எங்கள் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏர் கண்டிஷனர் எல்லாம் அணைந்த பிறகு மெயின் 250ஐத் தொடுவதை நானே அளந்திருக்கிறேன். லோடு இல்லாத டிரான்ஸ்பார்மர் தன் பங்குக்கு இன்னும் ஏழு, எட்டு சதவீதம் கூட்டித் தரும். எல்லாம் சேர்த்தால் 80 வோல்ட். அதற்கு மேல் மோட்டார் ஆன், ஆஃப் ஆகும்போது லைனில் வரும் குத்து வேறு. குறைந்தது 200 வோல்ட், முடிந்தால் 400 வோல்ட் டையோடு என்பது என் கணக்கு.

சாதாரண டையோடில் இது பிரச்சினையே ஆகாது. 5408, 6ஏ10 எல்லாம் 1000 வோல்ட். மாட்டுவது ஷாட்கி என்ற வகை டையோடில். "ஷாட்கியில வோல்டேஜ் கம்மியா விழும், சூடு கம்மி" என்று எங்கோ கேட்டுவிட்டு, காயலான் கடையில் வாங்கிய செத்த கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (அதன் பவர் சப்ளை பெட்டி) ஷாட்கியைப் பிடுங்கிப் போட்டான் ஒரு கொருக்குப்பேட்டைப் பையன். அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் பக்கத்தில் இருப்பது 45 வோல்ட் தாங்கும் டையோடு. 24-0-24இல் அது ஒரு நொடி நிற்காது, நிற்கவில்லை. டையோடு ஷார்ட் ஆனதும் ஏசி நேராகக் கண்டென்சருக்குப் போய், கண்டென்சரின் தலை பிளந்து, அட்டைத் துணுக்கு மேற்கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. 100 வோல்ட் ஷாட்கி 12-0-12க்குத் தாராளம். 24-0-24க்கு விளிம்பில் நடக்கிற வேலை. 35-0-35க்குப் போட்டால் போவது உறுதி.

ஹம்

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் 'ஊம்' சத்தம் இது. இதற்குத்தான் நிறையப் பேர் டையோடை மாற்றுகிறார்கள், பெரும்பாலும் வீணாக.

வால்யூமை முழுசாகக் குறையுங்கள். ஹம்மும் குறைந்தால் அது இன்புட் வழியாக வருகிறது. ஷீல்டு ஒயர், ப்ளூடூத் போர்டின் கிரவுண்டு என்று அந்தப் பக்கம் தேடுங்கள், பவர் சப்ளையை விட்டுவிடுங்கள். வால்யூம் எங்கே இருந்தாலும் ஹம் மாறவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்தது காது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, ஹெட்போனில் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் 50 வராது. 50 ஹெர்ட்ஸ் என்பது அடிவயிற்றில் கேட்கிற மாதிரி 'ஊம்'. 100 அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, எல்லாருக்கும் பழக்கமான டியூப்லைட் சோக் ஹம்மிங். உங்கள் செட்டில் 100 வந்தால் பிரிட்ஜ் அலையின் இரண்டு பாதியையும் ஒழுங்காகத் தருகிறது. கண்டென்சர் போதவில்லை, அல்லது கிரவுண்டு தப்பு. 50 வந்தால் ஒரு டையோடு ஓப்பன், அல்லது டிரான்ஸ்பார்மரின் காந்த வீச்சு போர்டில் விழுகிறது. கரண்டை அணைத்துவிட்டு, டிரான்ஸ்பார்மரின் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். ஹம் மாறினால் வீச்சு. மாறவே இல்லை என்றால் டையோடு.

ஓப்பன் ஆன டையோடு நல்ல நடிகன். லோடு இல்லாமல் அளந்தால் மீட்டரில் வோல்டேஜ் சரியாகவே காட்டும், ஏனென்றால் மிச்ச பாதியே கண்டென்சரை நிரப்பிவிடும். லோடு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். நான் செய்வது இது: கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு மூன்றை சீரிஸாகக் கட்டி, பிளஸ் பக்கத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே போடுவது. 34 வோல்டில் 1.7 ஆம்பியர் இழுக்கும். அப்போது மீட்டரை ஏசியில் வைத்து அதே இடத்தில் அளந்தால், 4700 மைக்ரோஃபாரடுக்கு 1 வோல்ட் சுற்றி வரும். பல்பை மைனஸ் பக்கம் மாற்றுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு மடங்கு காட்டினால் அந்தப் பக்க டையோடு ஒன்று வேலை செய்யவில்லை. அல்லது அதன் காலில் ஈயம் பிடிக்கவில்லை.

மலிவான மஞ்சள் மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனம். அது டிசியையும் சேர்த்து ஏசி என்று காட்டும். 34 வோல்ட் டிசியில் வைத்தால் 70 ஏசி என்று பயமுறுத்தும், முனையை மாற்றினால் பூஜ்யம். சிவப்பு முனையோடு 100 வோல்ட் தாங்கும் 104 (0.1 மைக்ரோஃபாரட்) கண்டென்சர் ஒன்றை சீரிஸாகச் சேர்த்துக்கொண்டால் டிசி உள்ளே வராது.

இரண்டு பக்கமும் சமம், மீட்டர் ஏசியில் காட்டும் அலைவும் நியாயமான அளவு, ஆனாலும் 100 ஹெர்ட்ஸ் விடவில்லை. அப்படியென்றால் கிரவுண்டு ஒயர் போகும் வழி. அந்தத் துடிப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரின் நடு ஒயருக்கும் கண்டென்சர்கள் சேரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஒயரில் 15 ஆம்பியர் துடிப்பு ஓடுகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 10 சென்டிமீட்டர் என்றால் ரெசிஸ்டன்ஸ் 0.0023 ஓம். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 15ஆல் பெருக்கினால் 34 மில்லி வோல்ட். அந்த ஒயரின் நடுவில் எங்கோ இன்புட் கிரவுண்டைப் பற்றவைத்திருந்தால், அந்த மில்லி வோல்ட் பாட்டோடு பாட்டாக உள்ளே போகும். ஆம்ப்ளி 30 மடங்கு பெருக்குகிறது என்றால் ஸ்பீக்கரில் 1 வோல்ட் ஹம். டையோடை மாற்றினால் இது போகுமா? 50 ஆம்பியர் பிரிட்ஜ் போட்டாலும் போகாது.

நடு ஒயர் நேராக இரண்டு கண்டென்சரும் சேரும் இடத்துக்கு வரட்டும். வழியில் வேறெதையும் அதில் தொங்கவிடாதீர்கள். அங்கிருந்து குட்டையான தடித்த ஒயர் ஒன்று தனிப் புள்ளிக்குப் போகட்டும். ஸ்பீக்கர் திரும்பும் ஒயர், போர்டு கிரவுண்டு, இன்புட் கிரவுண்டு, பெட்டி எல்லாம் அந்தப் புள்ளியில் தனித்தனியாக வந்து சேர வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து பிரிட்ஜுக்குப் போகும் ஒயர்களைப் பின்னல் மாதிரி முறுக்கி, இன்புட் ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டு போங்கள். ஹம் என்று வந்த செட்டுகளில் பாதிக்கு மேல் ஒரு பொருளும் வாங்காமல் இப்படியே சரியாகியிருக்கின்றன.

ஹம் இல்லை, 'ர்ர்ர்' என்று ஒரு கீச்சல்

இது வேறு. டையோடு கதவை மூடும்போது சட்டென்று மூடாமல் ஒரு கணம் கரண்டைப் பின்னால் விட்டு, பிறகு வெடுக்கென்று மூடும். அந்த வெடுக்கில் டிரான்ஸ்பார்மர் சுற்று மணி அடித்த மாதிரி உயர் அதிர்வில் அதிரும். சோதனை சுலபம்: ஏஎம் வரும் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் சென்னை வானொலி 720இல் வைத்து செட்டின் பக்கத்தில் கொண்டு போங்கள். ஆம்ப்ளியைப் போட்டதும் பேச்சின் மேல் கரகரப்பு ஏறினால் இதுதான்.

டிரான்ஸ்பார்மரின் இரு முனைக்கும் குறுக்கே, பிரிட்ஜின் ஏசி கால்களிலேயே, 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர் கண்டென்சரும் சீரிஸாகப் போடுங்கள். 24-0-24க்கு 250 வோல்ட் தாங்கும் கண்டென்சர் நிம்மதி. பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். இதற்காக, சட்டென்று மூடும் ஃபாஸ்ட் ரெக்கவரி டையோடு தேடி அலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எம்யூஆர் என்று வரும் அந்த வகை நல்ல பொருள்தான், போட்டால் கெட்டுப்போகாது. ஆனால் அதைப் போட்டதும் பாட்டு இனிக்கிறது என்பவர்களிடம் கண்ணைக் கட்டிவிட்டு இரண்டு செட்டையும் மாற்றிப் போட்டுக் காட்ட ஆசை.

சத்தம் கூட்டினால் கிழிகிறது

லோடில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். டையோடு சாப்பிடுவது 1 வோல்ட்தான். 34 போய் 26 ஆகிறது என்றால் டிரான்ஸ்பார்மர் சின்னது. 5 ஆம்பியர் என்று எழுதிய டிரான்ஸ்பார்மரிலிருந்து டிசியாக 3 ஆம்பியர்தான் நியாயமாக எடுக்கலாம். அந்தத் துடிப்பு சுற்றையும் சூடாக்குகிறது என்பதே காரணம்.

கண்டென்சர் தலை வீங்குகிறது, ஐசி போகிறது

24-0-24இல் 35 வோல்ட் கண்டென்சர் போட்டிருப்பீர்கள். 50 வோல்ட் போடுங்கள். 12-0-12இல் டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளி ஐசி அடிக்கடி போனாலும் அதே கதை: அந்த ஐசியின் எல்லை பிளஸ் மைனஸ் 18 வோல்ட். ராத்திரி மெயின் ஏறினால் 12-0-12 சும்மா இருக்கும்போதே 19 தரும். டையோடைக் குறை சொல்லிப் பயனில்லை, 9-0-9 வாங்குங்கள்.

வாங்கும்போது

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடந்து போகிற தூரம். போகும் முன் என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் யோசித்தால் கூட்டம் தள்ளிவிடும்.

12-0-12, 3 ஆம்பியர் வரை சின்ன ஐசி போர்டுக்கு 1என் 5408 நான்கு போதும். 4007ஐ ப்ளூடூத் போர்டு, ஃபேன், டோன் போர்டு சப்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 18-0-18 தாண்டினால் நான் யோசிக்காமல் கேபிபிசி 3510 கேட்பேன். 35 என்றால் ஆம்பியர், 10 என்றால் 1000 வோல்ட். 3 ஆம்பியருக்கு எதற்கு 35 என்று சிரிப்பார்கள். சர்ஜ் தாங்கும், தட்டில் நட்டு போட்டு இறுக்கலாம், நான்கு டையோடு வாங்கும் காசுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 35-0-35இல் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட பெரிய போர்டுக்கும் இதேதான்.

போலி உண்டு. 5408இன் கால் நல்ல தடிமன், கையால் வளைக்கக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 4007 கால் மாதிரி நூலாக வளைந்தால் திருப்பிக் கொடுங்கள். பிரிட்ஜில் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் 12 வோல்ட் பேட்டரி, அதே 21 வாட் கார் பல்பு, பிரிட்ஜின் ஒரு டையோடு மூன்றையும் சீரிஸாகப் போட்டு, டையோடின் குறுக்கே எவ்வளவு விழுகிறது என்று அளங்கள். நம்பிக்கையான பழைய பிரிட்ஜ் ஒன்றிலும் அதையே செய்யுங்கள். எதில் கூட விழுகிறதோ அதற்குள் இருக்கும் சில்லு சின்னது, மேலே என்ன எழுதியிருந்தாலும்.

காசிமேட்டுச் செட்டுக்கு 3510 போட்டு, அடித்தகட்டில் இறுக்கி, ஒயர்களைக் காலிலேயே பற்றவைத்தேன். கண்டென்சரை ஒரு பக்கத்துக்கு 10,000 ஆகக் குறைத்தேன். அவனுக்கு அதில் வருத்தம். குறுக்கே 2.2 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, அணைத்த இரண்டு நிமிடத்தில் கண்டென்சர் காலியாகிவிடும். 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ. பலகையில் போட்டதும் பல்பு ஒருமுறை மின்னி, செம்மண் நிறத்துக்கு வந்து, அணைந்தது. பலகையை எடுத்துவிட்டு நேராகப் போட்டு அளந்தேன்: பிளஸ் 35.2, மைனஸ் 35.1. கழற்றிய பழைய டையோடுகளை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டான். தாமிர இழையை மட்டும் நான் கொடுக்கவில்லை.